குழி என்றால் எந்த ஊர்க் குழி?

காவிரிப் பாசனப் பகுதி விவசாயி ஒருவர் காங்கேயம் பக்கத்தில் உறவினர் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாசலில் நிற்கும் பையன், "அப்பா காட்டுக்குப் போயிருக்காருங்க. அம்மா பண்டத்துக்குத் தட்டுப் போடப் போயிருக்குதுங்க. உக்காருங்க மாமா" என்கிறான்.

வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து யோசிக்கிறார். காட்டுக்கு எதற்குப் போனார், விறகு வெட்டவா? தட்டும் பண்டமும் தமக்குத்தான் வரப் போகின்றன என்றும் நினைத்துக்கொள்கிறார். மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு அந்த அம்மாள் கை கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் விஷயம் விளங்குகிறது. கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலம். பண்டம் என்றால் ஆடு மாடு. தட்டு என்றால் சோளத்தட்டு.

இது சிரித்துவிட்டு மறந்துபோகிற சங்கதி. ஆனால் எல்லாச் சொற்குழப்பமும் இப்படிச் சிரிப்போடு முடிவதில்லை. நில அளவு, விதை, பூச்சி மருந்து ஆகிய மூன்றில் சொல் மாறிப் போனால் ஒரு போகமே கைநழுவிப் போய்விடும்.

நிலமும் பயிரும்

கொங்கு நாட்டில் வாய்க்கால் பாய்வது வயல், கிணற்றுப் பாசனம் தோட்டம், வானம் பார்த்தது காடு. இந்த மூன்று சொற்களிலேயே தண்ணீர்க் கணக்கு முழுவதும் அடங்கிவிடுகிறது. பழைய தென்னாற்காடு, வடஆற்காடு மாவட்டங்களில் புன்செய் நிலத்தைக் கொல்லை என்பார்கள். வேறு ஊர்க்காரரிடம் "கொல்லைக்குப் போயிருக்கிறார்" என்று சொன்னால் அவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு மேற்கொண்டு கேட்கமாட்டார். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்னையும் மரச்சீனியும் நிற்கும் மேட்டு நிலம் விளை.

அந்த மரச்சீனிதான் சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு. அரசாங்கப் பிரசுரங்களில் மரவள்ளி. சென்னையில் வேர்க்கடலை என்பது விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற பெயர்தான் பேச்சில் தேய்ந்து இப்படி ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் இதையே கச்சான் என்கிறார்கள். தருமபுரியில் ராகி, மதுரைப் பக்கம் கேப்பை, யாழ்ப்பாணத்தில் குரக்கன், புத்தகத்தில் கேழ்வரகு. கொள்ளு நெல்லையில் காணம். வடக்கே காராமணி என்பது கொங்கில் தட்டைப்பயறு.

குப்பை என்றால் நகரவாசிக்கு வீசி எறிவது. பல கிராமங்களில் அது நிலத்துக்குப் போடும் தொழு உரம். "குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்டால் வண்டியில் எரு கொண்டுபோய்க் கொட்டியாயிற்றா என்று பொருள்.

பட்டமும் விதையும்

நெல் போகங்களின் பெயர்கள் இன்னும் சிக்கலானவை. செங்கற்பட்டுப் பக்கம் சித்திரை வைகாசியில் விதைப்பது சொர்ணவாரி. நெல்லையில் மே, ஜூன் மாதங்களில் விதைப்பது கார். தஞ்சையில் ஜூன், ஜூலையில் விதைப்பது குறுவை. மூன்றுமே குறுகிய காலப் பயிர்கள். தஞ்சையில் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கும் தாளடியும் நெல்லையின் பிசானமும் ஏறத்தாழ ஒரே பருவம். டிசம்பர், ஜனவரியில் வருவது நவரை.

தாளடி என்ற சொல்லே, குறுவை அறுத்த தாளின் மேல் செய்யும் சாகுபடி என்று விளக்கிவிடுகிறது. குமரி மாவட்டத்தின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற பெயர்கள் கன்னி மாதத்திலும் கும்ப மாதத்திலும் அறுவடையாவதால் வந்தவை. மற்ற ஊர்களில் விதைப்பை வைத்துப் பருவத்தைக் கணக்கிட, குமரிக்காரர் அறுப்பை வைத்துக் கணக்கிடுகிறார்.

சம்பா என்ற சொல்லில் கூடுதல் கவனம் தேவை. அது பருவத்தின் பெயர். சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா என்று நெல்லின் பெயரும் கூட. விதைக் கடையில் "சம்பா விதை கொடுங்கள்" என்றால் மட்டும் போதாது. அம்பாசமுத்திரம் 16 ரகத்துக்கு வயது 110 முதல் 115 நாள். சி.ஆர். 1009 ரகத்துக்கு 155 நாளுக்கு மேல். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடப்படுவது. அக்டோபர் நடுவில் நீண்ட வயதுள்ள ரகத்தை விதைத்தால் அது அறுப்புக்கு வர மார்ச் நடுவாகிவிடும். கடைசி ஏழு வாரத்துக்கு ஆற்றுத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

விதைக்கே ஊர்ப்பெயர் வைப்பதும் நம் வழக்கம். 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டத்தில் பரவிய ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி மூலம் அறிந்துகொண்ட விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயரிட்டார்கள். பி.பி.டி. 5204 ரகத்துக்கு "ஆந்திரா பொன்னி" என்று பெயர். ஊருக்குள் பேச இப்பெயர்கள் நல்லவை. பணம் கொடுத்து விதை வாங்கும்போது எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

குழிக் கணக்கு

பெரிய ஆபத்து நில அளவில்தான் இருக்கிறது. தஞ்சையில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அங்கே ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. ஒரு மா சுமார் 33 சென்ட். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

செங்கற்பட்டுப் பக்கம் 100 குழி ஒரு காணி. அங்கே ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. ஒரு காணி சுமார் 1 ஏக்கர் 32 சென்ட். இரண்டு இடத்திலும் குழி என்றுதான் பெயர். ஆனால் செங்கற்பட்டுக் குழி தஞ்சைக் குழியைப் போல நான்கு மடங்கு!

ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும் என்பது வேளாண்மைத் துறையின் சிபாரிசு. தஞ்சைக் கணக்கில் அது சுமார் 24 குழி. செங்கற்பட்டுக் கணக்கில் 6 குழி. செங்கற்பட்டு உறவினர் ஒருவர் "ஏக்கருக்கு ஆறு குழி நாற்றங்கால் போதும்" என்று சொல்வதை மன்னார்குடி விவசாயி தம் ஊர்க் குழியாக எடுத்துக்கொண்டால், நாற்று கால் ஏக்கருக்குத்தான் வரும். மீதி முக்கால் ஏக்கரைச் சேறடித்துவிட்டு நாற்றுக்கு அலைய வேண்டியதுதான்.

உரத்திலும் இதே கதை. ஏக்கருக்கு 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்று என்றால், தஞ்சைக் குழிக்கு 165 கிராம். செங்கற்பட்டுக் குழிக்கு 660 கிராம். ஆள் மாறிக் கேட்டால் ஒருவர் நான்கு மடங்கு கொட்டி நஷ்டப்படுவார். மற்றவர் கால் பங்கு போட்டுவிட்டுப் பயிர் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்பார்.

நெல்லை, குமரிப் பக்கம் இந்த அளவும் கிடையாது. இத்தனை கோட்டை விதைப்பாடு என்று, விதைக்கிற விதையை வைத்தே நிலத்தைச் சொல்வார்கள். மரக்கால், படி ஆகியவையும் ஊருக்கு ஊர் வேறுபட்டவை. எடை அளவுச் சட்டம் 1956ல் வந்து, 1958 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக அமலாயிற்று. ஆயினும் வயல் வரப்பில் மாவும் குழியும் இன்றும் வழக்கில் இருக்கின்றன.

"பயிர் எரிந்துவிட்டது"

பூச்சி, நோய்ப் பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். "பயிர் எரிந்துவிட்டது" என்று ஒருவர் மருந்துக் கடையில் சொன்னால், அது தண்ணீர் இல்லாமல் காய்ந்ததா, இலையில் நோயா, புகையானா? புகையான் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகப் புகைந்ததுபோல் காயும். வயல் நீரை வடித்து, தூரில் படும்படி மருந்து தெளித்தால்தான் பலன். கடைக்காரர் இதை இலை நோய் என்று நினைத்து வேறு மருந்தைக் கொடுத்து, அதை நாம் மேலாகத் தெளித்துவிட்டு வந்தால், பணமும் போய்ப் பயிரும் போகும்.

பேன் என்ற சொல்லும் அப்படித்தான். அசுவினியைச் செடிப்பேன் என்பதுண்டு. இலைப்பேன் வேறு பூச்சி. வெறுமனே "பேன் விழுந்திருக்கிறது" என்றால் எந்தப் பேன் என்று யாருக்குத் தெரியும்?

என்ன செய்யலாம்?

விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தால் நஷ்டத்தைத் தவிர்க்கலாம்.

1. யோசனை கேட்கும்போதும் சொல்லும்போதும் நிலத்தைச் சென்ட் அல்லது ஏக்கரில் சொல்லுங்கள். 100 சென்ட் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் உள்ள ஒரு ஏர் சுமார் இரண்டரை சென்ட். 100 ஏர் ஒரு ஹெக்டேர்.

2. விதை வாங்கும்போது ரகத்தின் எண்ணையும் வயதையும் கேளுங்கள். சான்று விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். அதையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வையுங்கள்.

3. பூச்சி, நோய்க்கு வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், பாதித்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாலிதீன் பையில் போட்டு வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். செடிக்கு வட்டார வழக்கு கிடையாது.

4. தொலைபேசியில் கேட்பதானால் முதலில் மாவட்டத்தையும் வட்டாரத்தையும் சொல்லுங்கள். பிறகு, விதைத்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். பருவத்தின் பெயரைவிட நாள் கணக்கு எல்லோருக்கும் புரியும்.

அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய ஊருக்கு மாற்றலாகி வந்தால், முதல் மாதத்தில் அந்த ஊர்ச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விவசாயி "குழி" என்றால், எத்தனை அடிக் கோலால் அளந்தது என்று கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதற்காக ஊர்ச் சொற்களைக் கைவிட வேண்டும் என்று யாரும் எண்ண வேண்டாம். அவை தலைமுறை தலைமுறையாக மண்ணைப் பார்த்து வைத்த பெயர்கள். கரிசல் மண்ணில் விவசாயியாகவும் இருந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982ல் தம் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே வெளியிட்டார். கொங்குச் சொற்களுக்கு 2000ல் பெருமாள்முருகன் ஒன்றைத் தொகுத்தார். அப்படிப்பட்ட செல்வத்தை வீட்டிலும் வயலிலும் தாராளமாகப் பேசுவோம். கடைக்கும் அலுவலகத்துக்கும் போகும்போது மட்டும் கூடவே ஓர் எண்ணையும் ஒரு செடியையும் கொண்டு போவோம்.

அடுத்த முறை யாராவது "குழிக்கு இவ்வளவு போடுங்கள்" என்றால், தலையாட்டுவதற்கு முன் "எந்த ஊர்க் குழி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.