7.5% இட ஒதுக்கீடு: அரசுப் பள்ளியில பிளஸ் 2 முடிச்சா மட்டும் போதுமா?

போதாது. 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவுல ஒரு வருஷம் பிரைவேட் ஸ்கூலுக்குப் போய் வந்திருந்தாலும் சிக்கல்தான். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9-லிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2020-ல் மருத்துவத்துக்கு வந்த இந்த ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என விரிந்தது. மருத்துவத்துக்கு நீட் தேர்ச்சி கட்டாயம். பொறியியலுக்கு பிளஸ் 2 மார்க்தான் கணக்கு. சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதனால்தான் அந்தப் படிப்புச் சான்று முக்கியம்.

ஊர் மாறி, ரெண்டு மூணு பள்ளியில படிச்ச பிள்ளையா? கவுன்சலிங் நேரத்தில் அலைய வேண்டாம். பழைய பள்ளிகளில் இப்பவே போய்க் கேட்டு வாங்கி வைங்க.