நான்கு வயது மகளுக்காக எழுதிய இசை

பிராக் நகரில் செக் பியானோ ட்ரியோக்களின் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். பியானோ, வயலின், செலோ என்று மூன்றே வாத்தியங்கள். ஸ்மெத்தனாவின் படைப்பை வயலின் தனியே தொடங்கியது. அடித்தந்தியில், அரை அரைச் சுரமாகக் கீழிறங்கும் மெட்டு. எனக்கு எங்கள் ஊர் ஒப்பாரிதான் நினைவுக்கு வந்தது.

1855 செப்டெம்பரில் ஸ்மெத்தனாவின் மூத்த மகள் பெத்ரிஷ்கா ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தாள். வயது 4. முந்தைய வருடம்தான் இன்னொரு மகளையும் பறிகொடுத்திருந்தார். அந்தத் துயரத்தில் இதை எழுதி, டிசெம்பரில் பிராக்கிலேயே அரங்கேற்றினார். விமர்சகர்கள் வரவேற்கவில்லை. தகப்பனின் அழுகைக்கும் இலக்கணம் பார்த்தார்கள் போலும்.

இறுதிப் பகுதி வேகமாக ஓடுகிறது. முடிவுக்குச் சற்றுமுன் சவ ஊர்வலத்தின் நடை குறுக்கிடுகிறது. பிறகு சுரம் மேஜருக்கு மாறி முடிகிறது. அதை ஆறுதல் என்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அரங்கம் கைதட்டியது; என் கை எழவில்லை.