பிரித்த நாதத்தைப் பிசகாமற் கூட்டும் கணிதம்

கொஸ்லந்தையைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்து நடைபெறும் இரவுகளில், தீயிற் காய்ச்சி முறுக்கேற்றிய தப்பின் மீது குச்சி விழும்போது, தோலின் அதிர்விலிருந்து எழும் கனத்த ஒலியும், குச்சியின் நுனி எழுப்பும் கூரிய ஒலியும் ஒரே கணத்தில் ஜனித்து, ஒரே அடியாகவே செவியைச் சேர்கின்றன. அதே தப்பொலியை இரு ஸ்பீக்கர்கள் பொருத்திய பெட்டியொன்றின் வழியாகக் கேட்போமாயின், பெரிய வூஃபர் கனத்த பகுதியையும் சிறிய ட்வீட்டர் கூரிய பகுதியையும் பங்கிட்டுக்கொள்ள, பங்கிட்டவை மீண்டும் செவ்வனே கூடாத காரணத்தால், அடியின் உயிர் தளர்ந்து போவதைப் பலமுறை உணர்கிறோம். இப்பங்கீட்டைச் செய்யும் உறுப்புக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். அதனை வெறும் எண்களாலேயே ஆக்கிக்கொள்ளும் வித்தை, வீட்டிலேயே பெட்டி கட்டும் ஆர்வலர்க்கும் இன்று எட்டியிருக்கிறது. அவ்வித்தையின் சாரம், பிரிப்பதைக் காட்டிலும் கூட்டுவதிலேயே அடங்கியிருக்கிறது.

செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் கம்பிச் சுருளால் இயங்கும் கூம்பு ஒலிபெருக்கியை 1925-ஆம் ஆண்டில் உலகுக்கு விளக்கினர். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். தாழ்ந்த சுருதிகளை எழுப்ப மிகுந்த காற்றைத் தள்ளவேண்டியிருப்பதால் கூம்பு பெரிதாதல் அவசியம். பெரிதான கூம்போ, உயர்ந்த சுருதிகளில் ஒருமித்து அசையாமல் துண்டு துண்டாக அதிர்வதோடு, ஒலியை முன்னோக்கி மாத்திரம் குவித்துவிடுகிறது. ஆகவே வேலையை இருவருக்குப் பகிர்ந்தளிக்க நேர்ந்தது. நெடுங்காலம் அம்பிளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே கம்பிச் சுருளையும் கப்பாசிட்டரையும் வைத்தே இது நிறைவேறிற்று. எனினும் 8 ஓம் என்று முத்திரையிடப்பட்ட ஸ்பீக்கரின் மின்தடங்கல், மீடிறனுக்கு மீடிறன் மாறுகின்ற சுபாவமுடையதாதலால், ஏட்டில் எழுதிய கணக்கு பெட்டியிற் பிசகுவது சகஜம். ஒலியை அம்பிளிஃபயருக்கு முன்னரே பிரித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி அம்பிளிஃபயர் அளித்தால், இவ்விடையூறு அகன்றுவிடுகிறது.

பிரிக்கும் வடிப்பானின் குணத்தை நிர்ணயிப்பதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. ஸ்டீபன் பட்டர்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1930-இல் வகுத்த நான்காம் படி வடிப்பானைக் கையாண்டால், பிரியும் மீடிறனில் இரு பக்கமும் 0.707 பங்கு ஒலிக்க, அவை ஒரே அவத்தையிற் கூடும்போது ஒலியழுத்தம் 1.41 மடங்காகி, அவ்விடத்தில் ஒரு மேடு தோன்றுகிறது. இரண்டாம் படி பட்டர்வொர்த் வடிப்பான் இரண்டைத் தொடராக அடுக்குவதால் இக்குறை நீங்குமென்று, ரஸ் ரைலியின் துணையோடு, 1976-இல் வெளியிட்ட ஆய்வுரையில் சீக்பிரீட் லிங்க்விட்ஸ் நிரூபித்தார். இந்த முறையில், பிரியும் மீடிறனில் வூஃபருக்குப் பாதியும் ட்வீட்டருக்குப் பாதியும் சேர்கின்றன. ஒரு ஸ்தாயி கீழே சென்றால் வூஃபருக்கு 17-இல் 16 பங்கும் ட்வீட்டருக்கு 1 பங்கும், ஒரு ஸ்தாயி மேலே சென்றால் அப்படியே மாறியும் அமைகின்றன. எந்த மீடிறனை எடுத்து நோக்கினும் இரண்டும் ஒரே அவத்தையில் நின்று, கூட்டுத்தொகை ஒன்றாகவே நிலைபெறுவது கணிதத்தின் பேரழகுகளுள் ஒன்று.

இந்த வடிப்பானை எண்களாக ஆக்குவது எங்ஙனம்? செக்கனுக்கு 48,000 மாதிரிகளாக எடுக்கப்பட்ட ஒலியில், இப்போது வந்த மாதிரி, அதற்கு முன் வந்த இரண்டு, முன்னரே வெளியிட்ட விடைகள் இரண்டு ஆகிய ஐந்தையும் ஐந்து குணகங்களாற் பெருக்கிக் கூட்டினால், அதுவே இரண்டாம் படி வடிப்பானொன்றின் விடையாகும். வூஃபருக்கு இரண்டும் ட்வீட்டருக்கு இரண்டுமாக இத்தகைய நான்கு வேண்டும். அதாவது ஒரு பெட்டிக்குச் செக்கனுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம் பெருக்கல்கள். கேட்பதற்குப் பிரமிப்பூட்டும் இத்தொகை, இன்றைய சிறியதொரு சில்லுக்கு அற்பமான வேலையே.

ஆயினும் குணகங்களை எழுதியவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. ஏனெனில் செவியை எட்டுவது வடிப்பானும் ஸ்பீக்கரும் சேர்ந்து விளைவிக்கும் பயன். பின்புறம் மூடிய ட்வீட்டரொன்று தன் பரிவு மீடிறனுக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபெல் வீதம் தானாகவே சரிகிறது. அச்சரிவைக் கணக்கிலெடாமல் ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரியும் இந்த நான்காம் படி வடிப்பானை அதன்மேற் சுமத்தினால், அவத்தை பிறழ்ந்து, லிங்க்விட்ஸ் வாக்களித்த கூட்டு கைகூடாது. மேலும் ஒலி பிறக்கும் ஸ்தானம் வூஃபரின் குழிவில் ஏறத்தாழ 29 மில்லிமீற்றர் பின்தங்கியிருப்பின், 2,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 17 சென்ரிமீற்றராதலால், அது ஆறிலொரு பங்கு, அதாவது 60 பாகைப் பிறழ்வாகும். ஒரு மாதிரிக் காலத்தில் ஒலி 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலே செல்லுமாதலின், ட்வீட்டரை நான்கு மாதிரிகள் தாமதிக்கச் செய்தால் இருவரும் ஒருங்கே வந்து சேர்வர். கம்பிச் சுருளாலும் கப்பாசிட்டராலும் எளிதில் ஆகாத இக்காரியம் எண்ணுக்கு ஓர் இமைப்பொழுது வேலை.

ஆகவே அளவீடே முதற்கடமை. அறைக்குள் அளந்தால் தரையும் கூரையும் எதிரொலித்துக் கணக்கைக் குழப்பும்: தரையிலிருந்து 1.25 மீற்றர் உயரத்தில் ஸ்பீக்கரையும் ஒரு மீற்றர் தள்ளி அதே உயரத்தில் ஒலிவாங்கியையும் வைத்தால், நேரொலியை அடுத்து ஏறக்குறைய 5 மில்லிசெக்கனில் எதிரொலி வந்துவிடுவதால், 200 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அளவுகளையே நம்பலாம். மழையும் காற்றும் ஓய்ந்த பொழுதில் விளையாட்டு மைதானத்தில், உயர்ந்த பீடத்தில் ஏற்றி அளப்பது உத்தமம். வாசஸ்தலத்துக்கும் ஒரு குணமுண்டு: 12 அடிக்கு 10 அடியான லயத்துக் காம்பராவில் 47, 56 ஹெர்ட்ஸ்களுக்கு அருகே அறையே பரிவுற்று முழங்கும்; அம்முழக்கத்தை மட்டுப்படுத்தவும் அதே ஐந்து குணகக் கணக்கு போதுமானது. அம்பிளிஃபயர் நேரே இணைவதால், ட்வீட்டருக்குத் தொடராகக் காவற் கப்பாசிட்டர் ஒன்று வைத்தல் விவேகம். அதன் விளைவையும் அளவீட்டிற் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

சங்கீதத்துக்கு மாத்திரமே இவ்வளவு பிரயாசை என்று எவரும் கருதலாகாது. பேச்சின் மெய்யொலிகளைத் தெளிவிக்கும் பகுதி பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அமைந்திருக்க, இரு ஸ்பீக்கர்ப் பெட்டிகள் சாதாரணமாகப் பிரியும் இடமும் 2,000, 3,000 ஹெர்ட்ஸ்களை ஒட்டியே இருக்கிறது. அங்கே கூட்டு பிசகினால் சொற்கள் மங்குகின்றன. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை கொஸ்லந்தையின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தைக் கண்ட இப்பிரதேசத்தில், ஒலிபெருக்கியில் வரும் அறிவித்தல் ஒவ்வொரு சொல்லும் விளங்கக் கேட்கவேண்டியது அனைவரின் உரிமை. உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் பயிலும் ஊவாவின் தோட்டத்துப் பிள்ளைகளே, சிக்கலெண்ணும் அலையும் அவத்தையும் பரீட்சைத் தாளோடு முடிந்துவிடலாகாது. ஒரு பெட்டியைக் கட்டுங்கள், அளவிடுங்கள், கணக்கிடுங்கள், உங்கள் கோயிலிலும் பாடசாலையிலும் அதை ஒலிக்கச் செய்யுங்கள்.