பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்கான தாதுச்சத்துகள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

முன்னுரை

2007ஆம் ஆண்டு பெரம்பலூரிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான அரியலூரில் 2022ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆயினும் இதயம், குடல் முதலியவற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை வேண்டும் குழந்தைகளைப் பெருநகர மருத்துவமனைகளுக்கு அழைத்துச் செல்ல நேரிடுவதுண்டு. அறுவை நகரில் முடிந்தாலும், உடல் தேறுவது ஊரில்தான். அப்போது ‘சத்து மருந்து’ என ஒரே பெயரால் வழங்கப்படும் தாதுச்சத்துகள், உடலில் வெவ்வேறு வகையில் செயற்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

இரும்பு

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோர். அறுவையின்போது ஏற்படும் குருதியிழப்பு இக்குறையை மிகுவிக்கிறது. எனினும் அறுவையை அடுத்த நாள்களில் ஏற்படும் அழற்சியால் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடல் வழியாக இரும்பு உட்கவரப்படுவதைத் தடுக்கிறது. எனவே அழற்சி தணியுமுன் வாய்வழி தரப்படும் இரும்பு மருந்தின் பயன் குறைவு.

துத்தநாகம்

உயிரணுப் பெருக்கத்திற்கும் காயம் ஆறுவதற்கும் துத்தநாகம் இன்றியமையாதது. அறுவைக்குப் பின் இது குருதியிலிருந்து கல்லீரலுக்கு இடம்பெயர்வதால், குருதியில் காணும் குறைந்த அளவு மட்டுமே பற்றாக்குறைக்குச் சான்றாகாது. வயிற்றுப்போக்கு, குடல்நீர் வெளியேற்றம் ஆகியவற்றால் ஏற்படும் இழப்பே ஈடுசெய்யத்தக்கது. அளவுக்கு மீறி நெடுநாள் தரப்படும் துத்தநாகம் செம்புச்சத்தின் உட்கவர்தலைக் குறைத்து, இரத்தசோகையையே உண்டாக்கக்கூடும்.

பாஸ்பேட்

ஊட்டம் குன்றிய குழந்தை பல நாள் உண்ணாதிருந்தபின் திடீரென நிறைய உண்டால், பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியன உயிரணுக்களுக்குள் புகுந்து குருதியில் குறைகின்றன, இதயத்துடிப்பு சீர்கெடக்கூடும். ‘இளைத்த பிள்ளை, நன்றாக உண்ணட்டும்’ என்னும் அன்பே இங்கு ஆபத்தாகலாம். உணவைப் படிப்படியாகக் கூட்டி, குருதிப் பரிசோதனையால் கண்காணிப்பதே முறையாகும்.

உள்ளூர் உணவு

பெரம்பலூரில் பெருமளவில் விளையும் மக்காச்சோளத்திலும், கம்பு முதலிய தானியங்களிலும் உள்ள பைட்டேட், இரும்பையும் துத்தநாகத்தையும் பிணைத்துக்கொள்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், புளிக்கவைத்தல் ஆகியன இப்பொருளைக் குறைக்கின்றன. இவ்வகையில் புளித்த கம்பங்கூழ் மரபறிவின் பயனெனலாம். நெல்லிக்காய், எலுமிச்சை ஆகியன இரும்பு சேர உதவுகின்றன. தேநீரும் பாலும் தடுக்கின்றன. ஆதலால் சுண்ணாம்புச்சத்து மருந்தையும் இரும்பு மருந்தையும் வெவ்வேறு வேளைகளில் தருதல் நன்று.

முடிவுரை

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசுத் திட்டத்தின்கீழ் இரும்பு மருந்து வழங்கப்படுவதால், மருத்துவமனை தரும் மருந்துடன் அது இருமடங்காகச் சேரும் வாய்ப்புண்டு. மிகையான இரும்பு சிறு குழந்தைகளின் உயிரையே பறிக்கவல்லது. எனவே எச்சத்து, எடைக்கேற்ப எவ்வளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்னும் நான்கும் விடுவிப்புச் சீட்டில் தமிழில் இடம்பெறல் வேண்டும். தாயும் ஊர்ச் செவிலியரும் படித்தறியக்கூடிய அச்சீட்டும் சிகிச்சையின் ஒரு பகுதியே.