திரைக்குள் ஒரு காடு: பணி அழுத்தம் தணிக்கும் பத்து நிமிடங்கள்

பணி முடிந்து வீடு திரும்பிய பின்னரும் மனம் அலுவலகத்திலேயே நிற்கிறது என்று கூறுவோர் புறநோயாளிப் பிரிவுக்கு நாள்தோறும் வருகின்றனர். உறக்கம் குறைகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது. இயற்கையோடு சற்று நேரம் செலவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்வது எளிது. ஆனால், இரவுப் பணியில் இருப்பவருக்கும், நோயுற்ற தாயின் அருகில் அமர்ந்து மடிக்கணினியில் பணியாற்றும் மகளுக்கும் மலையும் அருவியும் எட்டாத தொலைவில் உள்ளன. இத்தகையோருக்கு உதவக்கூடியது மெய்நிகர் இயற்கை. வி.ஆர். கண்ணாடியிலோ சாதாரணத் திரையிலோ காடு, கடற்கரை, ஓடை போன்ற காட்சிகளை அவற்றின் ஒலியுடன் கண்டபடி மனத்தை ஒருமுகப்படுத்தும் முறை இது.

இயற்கைக் காட்சிக்கு உடலின் மீது செல்வாக்கு உண்டா? அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளில் பாதிப்பேரின் அறைச் சாளரம் மரங்களை நோக்கியது. மற்றோருடையது செங்கற்சுவரை நோக்கியது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

எனினும், காட்சியை வெறுமனே பார்ப்பது மட்டும் பயிற்சி ஆகாது. நிகழும் கணத்தைத் தீர்ப்புக் கூறாமல் கவனிப்பதே ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ எனப்படும் முழுக்கவனப் பயிற்சி. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதனைப் பயிற்சித் திட்டமாக நோயாளிகளுக்கு வழங்கத் தொடங்கினார். கண்களை மூடியவுடன் அலுவலக நினைவுகள் சூழ்ந்துகொள்வதால் பலர் இப்பயிற்சியைத் தொடக்கத்திலேயே கைவிடுகின்றனர். அசையும் இலையும் ஓடும் நீரும் அவர்களுடைய கவனத்திற்கு மென்மையான பற்றுக்கோடாகின்றன.

செய்முறை

1. அலைபேசியின் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, சாய்மானமுள்ள நாற்காலியில் அமர்க.

2. வேகமாக நகரும் காட்சியைத் தவிர்த்து, ஓரிடத்தில் நின்று காண்பது போன்ற அமைதியான காட்சியைத் தேர்க.

3. ஒரு நிமிடம் ஒலியை மட்டும் கேட்க. பின்னர் ஓர் இலை அல்லது ஓர் அலை மீது பார்வையை நிறுத்துக.

4. மூச்சை இயல்பாக உள்ளிழுத்து, அதைவிட நீண்ட நேரம் வெளிவிடுக. மெதுவாக மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது.

5. வேலை நினைவு வந்தால் அதனோடு போராட வேண்டா. வந்ததை உணர்ந்து, மீண்டும் காட்சிக்குத் திரும்புக.

6. பத்து நிமிடத்தில் நிறுத்திக்கொள்க. எழுமுன் சிறிது நேரம் அறையைச் சுற்றிப் பார்க்க.

எச்சரிக்கை

வி.ஆர். கண்ணாடியில் கண் அசைவை உணர, உட்செவியோ அசைவில்லை என்கிறது. இம்முரண்பாட்டால் சிலருக்குக் குமட்டலும் தலைச்சுற்றலும் உண்டாகும். அவ்வாறு நேர்ந்தால் உடனே கழற்றிவிட வேண்டும். வலிப்பு நோய், தலைச்சுற்றல் நோய் உள்ளோரும் அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது. அவர்கள் ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் பயிலலாம்.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை, நோயாக அன்றி, பணியிடம் சார்ந்த நிகழ்வாகவே வரையறுத்தது. ஆகவே அளவுமீறிய பணிச்சுமையைக் குறைக்க மேலாளரிடம் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. இரு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் மனநல மருத்துவரை நாடுக.

அனைத்திற்கும் மேலாக ஒன்று: நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை ‘வேலை டென்ஷன்’ என்று எண்ணிப் பயிற்சியில் அமர்ந்துவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். இதயத்தசை காப்பாற்றப்படுவது அந்த முதல் சில மணி நேரத்திலேதான்.