மொன்றியல் பொது நூலகங்களும் எமது குடும்பங்களும்

மொன்றியலில் வந்திறங்கும் எம்மவர் குடும்பமொன்று முதல் சில மாதங்களில் ஏறி இறங்கும் படிகள் கொஞ்சநஞ்சமல்ல. குடிவரவு அலுவலகம், வழக்கறிஞர், மருத்துவப் பரிசோதனை, பிள்ளைகளுக்குப் பாடசாலை, வாடகைக்கு வீடு, பெரியவர்களுக்கு வேலை. இவற்றுள் ஒன்றையேனும் தள்ளிப்போட முடியாது. ஆனால் இந்த ஓட்டத்தில் அநேகமானோர் எட்டியும் பாராத இடமொன்று உண்டு. அது வீட்டுக்கு அண்மையில், பெரும்பாலும் பஸ் ஏறாமலே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் பொது நூலகம். "அது படித்தவர்கள் போகிற இடம்", "உள்ளே போனால் பிரெஞ்சில் ஏதாவது கேட்பார்கள்" என்று ஒதுங்கி நிற்பவர்கள் எம்மிடையே பலர். அந்தத் தயக்கத்தைப் போக்குவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில் பெயரில் உள்ள ஒரு சிக்கலைச் சொல்லிவிடுவோம். ஊரில் நாம் லைபிறறி என்று சொல்லிப் பழகியவர்கள். இங்கே வீதியில் நிற்பவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் எம்மைப் புத்தகக் கடைக்கு அனுப்பக்கூடும். பிரெஞ்சில் 'லிப்ரேறி' என்றால் புத்தகம் விற்கும் கடை. நூலகத்துக்கு 'பிப்லியோத்தெக்' என்று பெயர். இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால் பாதி வழி வந்தாயிற்று.

மொன்றியல் மாநகரில் வசிக்கும் எவரும் மாநகர நூலகங்களில் இலவசமாக அங்கத்தவராகலாம். குடியுரிமை கேட்கப்படுவதில்லை. நீங்கள் யார் என்பதற்கு ஓர் அடையாளப் பத்திரமும், எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு முகவரி உள்ள ஒரு கடிதமும் காட்டினால் போதும். சிறுவர்களுக்கு அட்டை எடுப்பதற்குத் தாயோ தந்தையோ உடன் செல்லவேண்டும். எடுத்த நூல்களை மூன்று வாரம் வைத்திருக்கலாம். வேறொருவர் கேட்காவிட்டால் தவணையைப் புதுப்பிக்கவும் செய்யலாம். ஒரு கிளையில் இல்லாத நூலை இன்னொரு கிளையிலிருந்து உங்கள் கிளைக்கு வரவழைத்துத் தருவார்கள். பிந்திக் கொடுத்தால் குற்றப்பணம் கட்டவேண்டி வருமே என்று பயந்து பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பாத பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி: 2021இல் மொன்றியல் நூலகங்கள் தாமதக் கட்டணத்தை நீக்கிவிட்டன. நூலைத் தொலைத்தாலோ கிழித்தாலோதான் அதற்குரிய பெறுமதியைக் கேட்பார்கள்.

எம்மவர் செறிந்து வாழ்ந்த, இன்றும் பலர் வந்து முதலில் தங்குகின்ற கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரே வீதியில் இரண்டு நூலகங்கள் உள்ளன. 5290ஆம் இலக்கத்தில் உள்ளது பண்பாட்டு இல்லத்தோடு சேர்ந்தது. அங்கே இசை நிகழ்ச்சி, நாடகம், ஓவியக் கண்காட்சி என்பனவும் நடைபெறும். அவற்றுட் பெரும்பாலானவை இலவசம். மேலே 6767ஆம் இலக்கத்தில் இருப்பதற்கு 'பிப்லியோத்தெக் அன்ரேர்கில்த்யூறெல்' என்றே பெயர். பல பண்பாட்டு மக்களுக்கான நூலகம் என்று பொருள் கொள்ளலாம். நகரின் நடுவில், பெறி-யூகாம் மெட்றோ நிலையத்திலிருந்து வெளியே குளிரில் காலடி வைக்காமலே நுழையக்கூடியதாக, 2005 ஏப்ரலில் திறக்கப்பட்ட பெருநூலகம் இருக்கிறது. இது கியூபெக் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. கியூபெக் மாகாணத்தில் எங்கு வசிப்பவருக்கும் அட்டை இலவசம். லாவாலிலும் புறொசார்டிலும் இருப்பவர்களும் இதைப் பயன்படுத்தலாம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்குச் சில வார்த்தைகள். கணவர் வேலைக்குப் போய்விடுவார். மூத்த பிள்ளைகள் பாடசாலை. பனி கொட்டும் மாதங்களில் கைக்குழந்தையோடு நான்கு சுவருக்குள் இருப்பது எவ்வளவு பாரம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவர். நூலகங்களில் 'ஊர் டு கொன்ற்' என்ற கதை நேரம் நடக்கும். குழந்தைகளைச் சுற்றிவர இருத்தி, படங்களைக் காட்டி, ஒருவர் கதை வாசிப்பார், பாட்டும் இருக்கும். குழந்தைக்கென்று சொல்லிப் போனாலும், பக்கத்தில் இருக்கும் தாய்க்கும் அது ஒரு வகுப்புத்தான். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாசிக்கும் பிரெஞ்சு நிதானமானது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது, படத்தோடு பொருள் விளங்குவது. இலக்கணப் புத்தகம் திறந்தால் தலை சுற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது எமது அபிப்பிராயம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை நூலகத்தில் பதிவுசெய்தால் புத்தகம் அடங்கிய சிறு பொதியொன்றை அன்பளிப்பாகத் தரும் திட்டமும் கியூபெக்கின் பல நூலகங்களில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

பிரெஞ்சு எமக்கு எதற்கு, நாளைக்கு ரொறன்ரோ போகத்தானே போகிறோம் என்று சொல்பவர்களும் உண்டு. போகிறவர்கள் போகட்டும். இருக்கப்போகிறவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டப்படி குடிவரவாளரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே படிக்கிறார்கள். 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, புதிதாக வந்தவர்களோடும் ஆறு மாதத்தின் பின் அரச அலுவலகங்கள் பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்கள் 'கொஃபி' நிலையங்களில் பிரெஞ்சு படித்தார்கள். (கோப்பி அல்ல, குடிவரவாளருக்கான அரச பயிற்சி நிலையத்தின் சுருக்கப் பெயர்.) அந்த நிலையங்கள் 2000ஆம் ஆண்டளவில் மூடப்பட்டுவிட்டன. இப்போது வகுப்புகளுக்கு 2023 ஜூனில் தொடங்கிய பிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரச அமைப்பில் பதிய வேண்டும். வகுப்பில் இடம் கிடைக்கும்வரையும், கிடைத்த பின்னும், நூலகங்களில் நடக்கும் உரையாடல் வட்டங்கள் பெரிதும் உதவும். ஆறேழு பேர் மேசையைச் சுற்றியிருந்து பிரெஞ்சில் பேசிப் பழகுவார்கள். அங்கே பிழைவிட வெட்கப்படத் தேவையில்லை. எல்லோரும் பிழைவிடவே வந்திருக்கிறார்கள்!

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். பிள்ளைகள் பிரெஞ்சை விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓர் ஆண்டு செல்லுமுன்னரே பத்து வயது மகள் அம்மாவுக்கு மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளராகிவிடுகிறாள். அப்பாவுக்கு வரும் கடிதங்களை மகன் வாசிக்கிறான். பிள்ளை பெரியவராகவும் பெற்றோர் சிறியவராகவும் மாறிவிடும் இந்த நிலை பல வீடுகளில் மனஸ்தாபத்தைத் தந்திருக்கிறது. மறுபக்கம், பிள்ளையின் தமிழோ சாப்பாட்டு மேசையோடு சுருங்கிவிடுகிறது. தாய் பிள்ளையோடு நூலகத்துக்குப் போய் இரண்டு பிரெஞ்சுக் கதைப்புத்தகமும், இரவில் வாசித்துக் காட்ட ஒரு தமிழ்ப் புத்தகமும் கொண்டுவருவாரானால் இந்த இரண்டு குறையும் ஓரளவுக்காவது குறையும்.

தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ரொறன்ரோ பொது நூலகத்தில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது என்பது யாவரும் அறிந்ததே. அங்கே அது வானத்திலிருந்து விழவில்லை. எம்மவர் தொகை பெருகியது, அவர்கள் கேட்டார்கள், எடுத்து வாசித்தார்கள். பொது நூலகம் எந்த நூலையும் அது எத்தனை முறை வெளியே போகிறது என்பதைப் பார்த்தே மதிப்பிடும். தட்டில் தூசு படிந்து கிடக்கும் நூல்கள் சில ஆண்டுகளில் அகற்றப்பட்டுவிடும். அது தமிழானாலும் சரி, பிரெஞ்சானாலும் சரி. எனவே உங்கள் கிளையில் தமிழ் நூல் ஒன்று கண்ணில் பட்டால், முன்னர் வாசித்ததாயினும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால், அங்கத்தவர்கள் ஒரு நூலை வாங்கும்படி விண்ணப்பிக்கும் முறை மொன்றியல் நூலகங்களில் உண்டு. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஒரு வீட்டுக்காரர் கேட்டால் அது ஒருவரின் விருப்பம். இருபது வீட்டுக்காரர் கேட்டால் நூலகருக்கு அது வேறு செய்தி.

இதற்கு இந்த நகரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. கோட்-சென்ற்-கத்தரின் வீதியில் யூதப் பொது நூலகம் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் துன்பப்பட்டு இங்கு வந்து சேர்ந்த யூத மக்கள், தையல் தொழிற்சாலைகளில் உழைத்த காலத்தில், 1914இல் தம் இத்திஷ் மொழிக்காக அதைத் தொடங்கினார்கள். நூல் இரவல் கொடுப்பதோடு சொற்பொழிவுகளும் வகுப்புகளும் வைத்தார்கள். நூறு ஆண்டு கடந்தும் அது நிலைத்திருக்கிறது. எமது ஆட்கள் பலர் தினமும் அந்த வழியால் நடந்து போகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமலே.

மொன்றியலில் நூலகம் எப்போதும் இப்படித் திறந்த கதவாக இருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. கோட்-டெ-நெய்ஜ் மலைச்சரிவில் உள்ள பெரிய கத்தோலிக்க மயானத்தைப் பலரும் கண்டிருப்பீர்கள். அங்கே ஜோசெப் கிபோர் என்ற அச்சுத் தொழிலாளி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் செய்த குற்றம், திருச்சபை தடைசெய்த நூல்களைத் தன் நூலகத்தில் வைத்திருந்த 'அன்ஸ்ரிற்யூ கனடியன்' என்ற வாசகர் மன்றத்தில் அங்கத்தவராக இருந்தது. 1869இல் அவர் இறந்தபோது, ஆயர் பூர்ஜே அவரைப் புனித நிலத்தில் புதைக்க இடமளிக்கவில்லை. அவருடைய மனைவி ஹென்றியெற்றா வழக்குத் தொடுத்தார். முடிவைக் காணாமலே இறந்தும் போனார். வழக்கு இலண்டன் கோமறை மன்றம் வரை சென்று 1874இல் கிபோருக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அப்போதும் 1875 செப்ரெம்பரில் கூட்டம் திரண்டு மயான வாயிலை மறித்தது. அவ்வாண்டு நவம்பர் 16இல் படையினர் காவலுடன் வந்துதான் உடலைப் புதைக்க முடிந்தது. யாரும் தோண்டி எடுத்துவிடாதபடி சீமெந்தும் இரும்புத் துண்டுகளும் கலந்து மூடினார்கள். ஆயரோ அந்தத் துண்டு நிலம் மட்டும் புனிதமற்றது என்று அறிவித்தார். ஒரு வாசகனுக்கு ஆறு ஆண்டுகள் புதைகுழி மறுக்கப்பட்ட இந்த நகரில், மாநகர மத்திய நூலகக் கட்டடம் 1917இல்தான் லா ஃபொந்தேன் பூங்காவுக்கு எதிரே திறக்கப்பட்டது.

நூலுக்காக வந்த பகையை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. க. மு. செல்லப்பா அவர்கள் 1933இல் தம் வீட்டில் இரவல் கொடுக்கத் தொடங்கிய நூல்களிலிருந்து வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். மக்களிடம் சேர்த்த பணத்தோடு எழுந்த கட்டடம் 1959 ஒக்ரோபரில் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். எமது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எது? எரிந்தவற்றில் மீளாதவை மீளாதவையே. எனினும் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இயங்கி வருகின்றது. மொன்றியல் நூலகத்தில் உள்ள கணினியில் இருந்தபடியே ஊரில் தாத்தா வாசித்த சஞ்சிகையைத் திறந்து பிள்ளைக்குக் காட்டலாம். கணினியைப் பயன்படுத்தவும் காசு இல்லை.

ஆண்டு முழுவதும் வரும் நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். செப்ரெம்பர் கடைசி வார இறுதியில் 'பண்பாட்டு நாட்கள்' கியூபெக் எங்கும் இலவசமாக நடைபெறும். இது 1997இல் தொடங்கியது. ஒக்ரோபரில் பொது நூலக வாரம். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். பாடசாலை விடுமுறையில் கோடைகால வாசிப்புக் கழகம் உண்டு. இதில் சேரும் பிள்ளை புத்தகம் எண்ணி எண்ணி வாசிக்கும், பெற்றோருக்கும் கொஞ்சம் ஓய்வு. இவற்றோடு எமக்கென்றே பொருந்துகின்ற இரண்டு காலம் இருக்கின்றன. 2016இல் கனடிய நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது; பொங்கலும் அப்போதே வருகிறது. பெப்ரவரி 21 யுனெஸ்கோவின் அனைத்துலகத் தாய்மொழி நாள்.

அவ்விரண்டிலும் எமது பகுதி நூலகங்களில் தமிழ்க் கதை நேரம் ஒன்றும், கோலம் போட்டுக் காட்டுதல், சிறு நூற்காட்சி போன்றவையும் வைக்கலாமே என்று எமது ஊர்ச்சங்கங்களையும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கின்றோம். மண்டபம் எடுத்து, சாப்பாடு போட்டு, எம்மவர் மட்டும் கூடிக் கலையும் விழாக்கள் ஏற்கெனவே போதிய அளவு நடக்கின்றன. அயல்வீட்டு ஹெயிற்றிக்காரரும் வியட்நாமியரும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் ஒன்றாவது நடக்கட்டும். வியட்நாமிலிருந்து படகேறித் தப்பிப் பத்து வயதில் கியூபெக்குக்கு வந்த கிம் துய், 2009இல் 'றூ' என்ற நாவலைப் பிரெஞ்சில் எழுதி அடுத்த ஆண்டு ஆளுநர் நாயகம் பரிசு பெற்றார். மெல்லிய புத்தகம். பிரெஞ்சு ஓரளவு படித்த மூத்த பிள்ளைகளுக்கு அதைக் கேட்டு எடுத்துக் கொடுங்கள்; அகதி வாழ்வைப் பற்றி இந்நாட்டு மொழியில் எழுத முடியும் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

நூலகங்கள் தமது நிகழ்ச்சிகளைப் பல வாரங்களுக்கு முன்பே திட்டமிடுவதால், பொங்கலுக்கு ஏதாவது செய்ய எண்ணுபவர்கள் இலையுதிர் காலத்திலேயே கிளை நூலகரைச் சந்தித்துப் பேசவேண்டும். பிரெஞ்சு பேசத் தெரிந்த ஓர் இளைஞரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. கதை நேரத்துக்கும் உரையாடல் வட்டத்துக்கும் சில கிளைகளில் முன்பதிவு தேவைப்படும்; அட்டை எடுக்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். தவணை முடிவதற்குள் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் போக வேலை இடங்கொடுக்காதவர்கள், கட்டடத்தின் வெளிப்புறத்தில் நூல் போடும் பெட்டியைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரவு வேலை முடிந்து வரும் வழியில் அதற்குள் போட்டுவிட்டு வரலாம்.