புகைக்குச் சூட்டிய பெயர்கள்

“‘தம்’ என்பது தமிழ்ச் சொல்லா, சேர்?” என்று மாணவன் ஒருவன் அண்மையில் வினவினான். தமிழ்நாட்டுத் திரைப்படங்களில் ‘தம் அடித்தல்’ என்னுந் தொடரை அவன் கேட்டிருக்கிறான்.

புகைக்கும் இலையைப் புகையிலை என்றும், அதனைச் சுருட்டியதைச் சுருட்டு என்றும் நம் முன்னோர் வெளிப்படையாகவே வழங்கினர். அச்சுருட்டே கடல்கடந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் ‘செரூட்’ ஆயிற்று.

மறைத்துச் சூட்டும் பெயரோ வேறு வகை. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்னும். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என உரைகாரர் உதாரணங் காட்டுவர். போதைப் பொருளுக்கு மாற்றுப்பெயர் வைப்பது அத்துணைப் பழைய வழக்கம்!

இன்று கேரளக் கஞ்சா நம் நாட்டில் ‘கேஜி’ எனப்படுகிறது. ஆங்கில மொழியினர் கஞ்சாவைப் ‘புல்’ என்றும் ‘களை’ என்றும் பொருள்படுஞ் சொற்களாற் குறிப்பர். கேட்பவர்க்கு நிறுவையும் தோட்டமுமே தோன்றும்; தீங்கு தோன்றாது.

‘தம்’ பாரசீகத்திற் பிறந்து, இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்த சொல். அதன் பொருள் மூச்சு. மூச்சைக் கெடுக்கும் பழக்கத்திற்கு மூச்சென்றே பெயர்!

இலங்கையில் 21 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சொல்லையோ எச்சட்டமும் தடுக்காது. பெரும்பாலும் பொருளுக்கு முன்னரே பெயர் வீட்டினுள் நுழைந்துவிடுகிறது.

ஆதலின் பெற்றோரே, பிள்ளையின் வாயிற் புதுச்சொல் கேட்டால் உடனே சினவாதீர்கள். அதன் பொருள் யாதென அன்புடன் வினவுங்கள். பொருள் விளங்கியபின் அச்சொல்லின் கவர்ச்சி பாதி குறைந்துவிடும்.